செக்குபந்தியில் பொருள் மயக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தொடர் இரண்டு பொருளுக்கு இடம்கொடுத்து, எதைக் கொள்வது என்று படிப்பவரைத் திகைக்கவைப்பதே பொருள் மயக்கம். சொன்னது போதாமல் மங்கலாக நிற்பது வேறு. இதில் இரண்டு பொருளும் தனித்தனியே தெளிவாகத்தான் இருக்கும். சிலேடையில் புலவருக்குப் பெருமை தருகிற இது, கிரையப் பத்திரத்தில் வரப்புத் தகராறாக முடிகிறது.

பழைய பத்திரங்களின் செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும் பகுதியில், 'கந்தன் புஞ்சைக்குக் கிழக்கு' என்று இருந்தால், விற்கப்படும் நிலம் கந்தன் புஞ்சைக்குக் கிழக்கே உள்ளது, அதாவது கந்தன் நிலம் இதற்கு மேற்கு எல்லை என்று பொருள். இப்போது கணினியில் அச்சாகும் பத்திரங்களில் 'கிழக்கு: கந்தன் புஞ்சை' என்று அட்டவணையாக எழுதும்போது, அதே கந்தன் கிழக்கு எல்லைக்கு வந்துவிடுகிறார். பழையதைப் பார்த்துப் புதியதை எழுதுபவர் உருபை விழுங்கிவிட்டு 'கந்தன் புஞ்சை கிழக்கு' என்று எழுதினால், இரண்டில் எது என்று அந்த வரியைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. சர்வே எண் இருக்கிறதே என்பார்கள். உட்பிரிவு ஆகாத நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்கும்போது அது எந்தப் பகுதி என்று காட்ட நான்கெல்லையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் பத்திரத்திலுள்ள மயக்கத்தை இரு வகையாகப் பார்த்தது. குதிரையை 1,000 ரூபாய்க்கு அல்லது 1,500 ரூபாய்க்கு விற்பதாக எழுதியிருந்தால், எந்த விலை என்று காட்டச் சாட்சியம் கொண்டுவர முடியாது. அது எழுத்தின் முகத்திலேயே தெரிகிற குறை. 'என் வெள்ளைக் குதிரை' என்று எழுதியவரிடம் இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருந்தாலோ, எதைக் கருதினார் என்று காட்டச் சாட்சியம் அனுமதிக்கப்படும். இரண்டுமே அச்சட்டம் தந்துள்ள எடுத்துக்காட்டுகள்தாம். நிரப்பாமல் விட்ட இடங்களுக்கும் முதல் விதியே பொருந்தும் என்பதை, 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் அறிந்துகொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை.

எனவே, 'இச்சொத்தின் கிழக்கில் கந்தன் புஞ்சை உள்ளது' என்பது போல முழு வாக்கியமாகவே நான்கெல்லையை எழுத வேண்டும் என்று பதிவுத்துறை ஒரே முறையை வகுத்துச் சுற்றறிக்கை அனுப்பலாம். பத்திரம் ஒரு பக்கம் நீளும், நீளட்டும்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
தஞ்சாவூர்.