அமெரிக்கக் கடைகளுக்கு இணையதளம் அமைத்துத் தரும் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவன உரிமையாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும் வணக்கம்.

நியூஜெர்சியில் இருந்துகொண்டு இணையவழியில் சேலை விற்கும் சிறு வணிகர்களில் நானும் ஒருத்தி. எங்களில் பலருடைய தளங்கள் சென்னையிலும் கோவையிலும் உருவானவை. பார்வையற்றோரால் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை என்று நியூயார்க் நீதிமன்றங்களில் எங்கள் மீது வழக்குகள் தொடுக்கப்படுகின்றன. ஒரு வழக்கைப் பணம் கொடுத்து முடித்தால், அதே தளத்தின் மீது வேறொருவர் அடுத்த வழக்கைத் தொடுக்கிறார்.

இந்தத் தொடர்ச்சிக்குச் சட்டத்தின் அமைப்பே வழிவிடுகிறது. இவ்வழக்குகளுக்கு அடிப்படையான 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டபோது இணையக் கடைகள் இல்லை. தனியார் தளங்களுக்கான விதிகளை வகுக்க 2010-இல் முயன்ற நீதித்துறை அமைச்சகம் 2017-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. 2024-இல் அது வெளியிட்ட விதி மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு மட்டுமே உரியது. பணியமர்த்தல் பற்றிய பிரிவில் 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. கடைகளைப் பற்றிய பிரிவில் அப்படி எதுவும் இல்லை. மத்தியச் சட்டப்படி வாதிக்கு இழப்பீடு கிடையாது, திருத்தும் ஆணையும் வழக்கறிஞர் கட்டணமும்தான். ஆனால் நியூயார்க் சட்டங்களின்படி இழப்பீடு கோரலாம். கலிபோர்னியாவில் அதன் குறைந்தபட்சத் தொகையே 4,000 டாலர். வழக்காடுவதைவிடச் சமரசத் தொகையைக் கொடுப்பது மலிவு என்பதால் பெரும்பாலோர் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒப்பந்தம் அந்த ஒரு வாதியை மட்டுமே கட்டுப்படுத்தும். தளத்தின் நிரலில் ஒரு வரியும் தானாக மாறிவிடாது.

வழக்கறிஞர்களைத் திட்டுவது எங்கள் கூட்டங்களில் வாடிக்கை. ஒரே மாதிரியான மனுக்களை நூற்றுக்கணக்கில் தாக்கல் செய்வோரைக் காணும்போது அதில் நியாயமும் உண்டு. கட்டடங்களைப் பொறுத்தவரை, வழக்குக்கு முன் அறிவிப்பும் அவகாசமும் தர வேண்டும் என்ற மசோதா 2018-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கதவைத் திறக்கச் சொல்லி நாங்கள் ஏன் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் அதை எதிர்த்தன. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களிடம் நான் பேச வந்தது தளத்தைப் பற்றியே. சேலைப் படத்துக்கு விவரம் இல்லாததால், திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் கோப்பின் எண்ணைப் படிக்கிறது. நிறம் தேர்ந்தெடுக்கும் பொத்தானைச் சுட்டியால் மட்டுமே அழுத்த முடிகிறது. தள்ளுபடி அறிவிப்புப் பெட்டி திறந்துகொண்டால் விசைப்பலகையால் அதை மூட வழியில்லை. முகவரிக் கட்டங்களுக்குப் பெயர் இல்லை, வெளிர்பொன் பின்னணியில் சாம்பல் எழுத்து வேறு. தளங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பிழை இருக்கிறது, பெரும்பாலும் இதே வகைப் பிழைகள்தான். இவற்றில் பலவற்றைத் தானியங்கிக் கருவி சில நொடிகளில் கண்டுபிடிக்கும், வழக்குத் தேடுபவரும் அதே வேகத்தில் கண்டுபிடிப்பார். தளம் கட்டும்போதே சரிசெய்தால் செலவு சொற்பம். பின்னால் பிரித்துத் திருத்துவதற்குத்தான் பெரும்பணம் ஆகிறது.

ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்கிவிடலாம் என்று விற்கப்படும், பக்கத்தின் ஓரத்தில் மிதக்கும் பொத்தான்களைத் தயவுசெய்து எங்கள் தலையில் கட்டாதீர்கள். தன் கருவி எந்தத் தளத்தையும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கான (அணுகல்தன்மை) பன்னாட்டுத் தரநிலையான டபிள்யூசிஏஜிக்கு ஏற்றதாக்கிவிடும் என்று கூறிவந்த ஆக்சசிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் செலுத்துமாறு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் பணித்தது. அத்தகைய பொத்தான் உள்ள தளங்கள் மீதும் வழக்குகள் வருகின்றன.

இனி எழுதும் ஒப்பந்தங்களில், டபிள்யூசிஏஜி 2.1-இன் இரண்டாம் நிலையான ஏஏ-வைத் தளம் எட்டும் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். ஒப்படைப்பதற்கு முன், சுட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானின் துணையோடு தேடலிலிருந்து பணம் செலுத்துவது வரை ஒரு சேலையை வாங்கிப் பாருங்கள். பார்வையற்ற ஒருவருக்கு ஊதியம் தந்து அதைச் செய்யச் சொன்னால் இன்னும் நன்று. தளத்தின் வடிவமைப்பு வார்ப்புருவையும் (theme) செருகுநிரலையும் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய பிழைகள் திரும்புவதால், பராமரிப்புக் கட்டணத்திலேயே மறுசோதனையையும் சேர்த்துவிடுங்கள். திருத்த முடியாதது எதுவாயினும் மறைக்காமல் எங்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.

விலைப்பட்டியலில் இந்த வேலையைத் தனி வரியாகக் காட்டுங்கள். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேற்படாத, அல்லது முழுநேர ஊழியர் 30 பேருக்கு மேற்படாத நிறுவனங்கள் அணுகல்தன்மைச் செலவில் 250 டாலருக்கு மேற்பட்ட பகுதியின் பாதியை, 5,000 டாலர் வரை, வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இடமளிக்கிறது. 'வடிவமைப்பு, மொத்தம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்கள் கணக்காளரால் அதைக் கோர இயலாது.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு சிறு வணிகர்