வாளியும் நெளிகுழாயும்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தாமுவிடம் சொல், குடை என்னிடம் இல்லை.

இடப்பக்கப் பெருங்குடல் அடைப்பில் அறுவை மேஜையிலேயே குடலைக் கழுவி, வெட்டுமுனைகளை அன்றே இணைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். டட்லி குழு 1980இல் எழுதிய முறைதான். கட்டியை வெட்டியெடுத்த பின், அப்பெண்டிக்ஸ் இருந்த துளை வழியாக ஃபோலி கத்தீட்டரை (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) சீக்கத்துக்குள் (பெருங்குடலின் தொடக்கப் பை) விட்டு, சுற்றித் தையல் போட்டு இறுக்கி, பலூனை ஊது. சிறுகுடலின் கடைசியில் மென்மையான கிளாம்ப் (இடுக்கி) போட மறக்காதே; மறந்தால் கழுவ விடும் சலைன் (உப்புநீர்) பின்னோக்கி ஓடி அதையும் உப்ப வைக்கும்.

எல்லாரும் சொதப்புவது வெளியேறும் குழாயில். சக்ஷன் (உறிஞ்சும்) குழாயே போதும் என்பான் தாமு. முதல் கட்டி மலத்திலேயே அது அடைத்துக்கொள்ளும். மேலிருந்து சலைன் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே விரிந்து மெலிந்த சீக்கம் என்ன செய்யும்? கிழியும். மயக்க மருந்து மெஷினின் அகலமான நெளிகுழாய்தான் சரி. மடிப்புகள் இருப்பதால் கட்டும் நாடா வழுக்காது. குடலின் வெட்டுமுனைக்குள் நுழைத்து இரண்டு இடத்தில் கட்டு, மறுமுனையை மேஜைக்குக் கீழே வாளியில் விடு. கழற்றும்போதுதான் சிந்தும், சுற்றிலும் துணி வை.

கல்லீரல், மண்ணீரல் பக்க வளைவுகள் இரண்டையும் முதலிலேயே விடுவித்துவிடு. இல்லையென்றால் வளைவில் மலம் நின்றுவிடும். அவசரப்பட்டு இழுத்தால் மண்ணீரல் கிழியும்.

சலைன் 37 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்ததை விட்டால் நோயாளியின் உடல் சில்லிட்டுவிடும். சிலருக்கு 3 லிட்டரில் தெளியும், சிலருக்கு 6 தாண்டும். லிட்டரை எண்ணாதே, வாளிக்கு வரும் தண்ணீரின் நிறத்தைப் பார். கெட்டியானதை விரலால் நசுக்கித் தள்ளு. அறுவை நேரம் அரைமணிக்கு மேல் கூடும். பிறகு, நாடா கட்டிய முனையை வெட்டியெறிந்து புது ஓரத்தில் தை. மலக்குடலை ஆசனவாய் வழியாகக் கழுவு.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. ரத்த அழுத்தம் சரிந்தவருக்கும், வயிறெங்கும் மலம் பரவியவருக்கும் இதைத் தொடாதே. ஹார்ட்மன் (இணைக்காமல், மேல்முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிட்டு, கீழ்முனையை மூடுவது) செய்துவிட்டு வெளியே வா. சீக்கமே கிழிந்திருந்தால் பெருங்குடலின் பெரும்பகுதியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 1995இல் வந்த ஸ்காட்டியா ஆய்வில் (இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது), அப்படி எடுக்கப்பட்ட நோயாளிகள்தான் கழுவி இணைக்கப்பட்டவர்களைவிட அதிகமுறை கழிப்பறைக்கு ஓடினார்கள்.

கழுவவே வேண்டாம், மலத்தைக் கையால் பிழிந்து வெளியேற்றினால் போதும் என்ற கட்சியும் உண்டு. நான் பாதி அந்தக் கட்சி. தாமுவிடம் சொல்லிவிடாதே.

நெளிகுழாயை மட்டும் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கி வை. வயிற்றைத் திறந்த பிறகு கேட்டால் முறைப்பார்.

அன்புடன்,
ரகு