கதவைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கும், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த சொந்தங்களுக்கும்,

நேரில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நின்று கேட்கவில்லை. “இதுக்கெல்லாம் என்னத்துக்கு மக்களே நன்றி” என்று அவரவர் வேலைக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

2025 ஆனியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை. ரப்பர் வெட்டப் போன அப்பா சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான் சென்னையில் இருந்தேன். 108 வண்டி தோட்டத்துக்குள் வர வழி கிடையாது. சத்தம் கேட்டு ஓடி வந்த நாலு பேர், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் கதவைக் கழற்றி, அதில் அப்பாவைக் கிடத்தி, கால் அசையாமல் துண்டால் கட்டி, வழுக்குப் பாதையில் ரோடு வரை சுமந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கதவு பழையபடி மாட்டியிருந்தது. கீலில் நாலும் புது ஆணி. அவசரத்துக்குக் கழற்றியது பெரிய காரியம்தான். ஆனால் திரும்ப வந்து ஆணி அடித்துவிட்டுப் போனதை நினைத்துத்தான் அன்று நான் அழுதேன்.

அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மரங்கள் எல்லாம் ஒரே நாளில் சாய்ந்தன. மறு வருஷம் கன்று வைத்தோம். ரப்பர் வெட்டுப்பருவத்துக்கு வர ஏழு வருஷம் ஆகும். ஏழு வருஷம் காத்திருந்து, 2025 பங்குனியில்தான் அப்பா முதல் வெட்டுத் தொடங்கினார். மூன்று மாதத்தில் படுக்கை. மரத்தை அப்படியே விட்டால் வருமானம் போகும். தெரியாத கையில் கொடுத்தால் அதைவிட மோசம். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது, முண்டு முண்டாகிவிடும். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியைப் பற்றிப் பேசியதைவிட மரத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

மேலத்தோட்டத்து அண்ணனிடம் நாங்கள் கேட்கவே இல்லை. நீங்கள் வெட்டுவதே இன்னொருவர் தோட்டத்தில், கூலிக்கு. அதற்கு முன்னால் மூன்று மணிக்கே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் தொண்ணூறு மரத்தையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டியிருக்கிறீர்கள். அக்கா பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் கொடியில் போட்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன் அண்ணா. எல்லா மரத்திலும் வெட்டு ஒரே சாய்வு, ஒரே கனம். ஒரு மரத்தில்கூடக் காயம் இல்லை. சிரட்டையில் ஒட்டியிருந்த ஒட்டுப்பாலைக்கூடத் தனியாக ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தீர்கள். ஷீட் விற்ற காசு, கடைச் சீட்டோடு அம்மா கையில். கூலி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, “மாமா எழும்பி வரட்டு, அவரிட்ட பேசிக்கிடுதேன்” என்றீர்கள். அப்பா எழும்பிய பிறகு கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள்.

ஒக்கிக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் உங்கள் வீட்டு வழியில் விழுந்த மரங்களை அப்பா அறுத்துக் கொடுத்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்களும் சொல்லவில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

அடுத்து, குளச்சலில் இருந்து ரத்தம் கொடுக்க வந்த தம்பிக்கு. எங்களுக்கும் உனக்கும் முன்பின் பழக்கம் இல்லை. ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, கரையேறிய கையோடு பஸ் பிடித்து வந்தாய். தூங்காமல் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். அதோடு நீ போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று ராத்திரி தொழிலுக்குப் போகாமல் தூங்கி, மறுநாள் காலையில் வந்து நின்றாயே. அந்த ஒரு ராத்திரி வருமானத்தை நாங்கள் மறக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு: உங்கள் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணி பிடிக்கும்போதெல்லாம் எங்கள் பிளாஸ்க்கையும் சேர்த்து எடுத்துப் போனீர்கள். அம்மாவின் முட்டுவலியை அவள் சொல்லாமலே கண்டுபிடித்தது நீங்கள் மட்டும்தான்.

கீழவீட்டு மாமி எங்கள் பசுவுக்குப் புல் அறுத்துப் போட்டார்கள். கவலையில் சாப்பிடாமல் இருந்த அம்மாவுக்குப் பயறு கஞ்சியும் தேங்காய்ச் சம்மந்தியும் தூக்குவாளியில் கொடுத்துவிட்டார்கள். முடிதிருத்தும் அண்ணன் ஞாயிறுதோறும் வீட்டுக்கே வந்து அப்பாவுக்குச் சவரம் செய்தார். முகம் தெளிந்த அன்றெல்லாம் அப்பா இரண்டு வாய் கூடச் சாப்பிட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்த நர்ஸ் அக்காவுக்கும், ராடு வைத்த டாக்டர்களுக்கும், ராத்திரியில் வார்டைப் பெருக்கும்போது அப்பா விழித்திருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போன அந்த அம்மாவுக்கும் எங்கள் கைகூப்பு.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்து முற்றம் வரை நடக்கிறார். நேற்று முதல் வரிசை மரம் வரை போய், வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “நான் வெட்டினதைவிட நல்லா இருக்கு” என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைக்கிறோம். குளச்சல் தம்பி மீன் கொண்டு வரக் கூடாது, சாப்பிட மட்டும் வர வேண்டும். மேலத்தோட்டத்து அண்ணனும் அக்காவும் வராவிட்டால், வாக்கரோடு மேட்டில் ஏறி வருவேன் என்று அப்பா சொல்கிறார். அவரை ஏற வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை,
குலசேகரம் அருகிலிருந்து