கடன் வாங்க வேண்டாம், அண்ணே

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. இங்கு நலம், அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

செம்பனை ஆலை வேலை ஒரே மாதிரிதான் போகிறது. பால்மரமெல்லாம் (ரப்பர்) போய் ஊரைச் சுற்றிச் செம்பனைதான். மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் மழை கொட்டும். சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்).

உங்கள் பாட்டுக் குழுவுக்குப் பெரிய கீபோர்டு வாங்கக் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே. ஈப்போவில் பழையதாக ஒரு கோர்க் வோல்கா கீஸ் வாங்கி, தோட்டத்துக் கோயில் பஜனையில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2013-இல் வந்த அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்கும் கருவி. கையடக்கம்தான், ஆனால் அடித்தொண்டைச் சத்தம் அப்படி ஒரு கனம்!

மூன்று சுரம்தான் சேர்ந்து ஒலிக்கும். மூன்றுக்கும் ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் ஒன்றுதான். அதனால் கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, உங்கள் பழைய கீபோர்டிலேயே பிடியுங்கள், இதற்கு பேஸும் (கீழ்ச்சுரம்) லீடும் (தனி மெட்டு) கொடுங்கள். இதன் கீகள் வெறும் தொடுபட்டை, விரலுக்குச் சுகமில்லை. கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து இதன் மிடி இன்னுக்கு ஒரு கேபிள் போட்டு, அங்கே அழுத்துவதை இங்கே ஒலிக்க வைத்தால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. குமிழை ஃபிப்த் என்ற நிலையில் வைத்து ஒரே கீயை அழுத்தினால் ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து வரும்; சுரங்களைச் சற்றே விலக்கும் டீட்யூன் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சுருதி உயிரோடு அசையும். இங்கே பாடுகிற அக்காவுக்கு ஐந்து கட்டை. தம்புரா இல்லாத குறையே தெரியவில்லை.

சூடு மாறினால் சுருதி நகரும். விளக்கேற்றும்போதே ஆன் செய்துவிடுவேன், பாட்டு தொடங்குவதற்குள் நிலைத்துவிடும். தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. குமிழ் வைத்த இடங்கள் நினைவகத்தில் ஏறாது, வாசித்துப் பதிந்த சுரவரிசைதான் ஏறும். பிடித்த ஒலி அமைந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்செட்காரரிடம் ஒன்று முக்கியம். இதில் சத்தம் வெளியே வர ஹெட்போன் துளை மட்டுமே. அதை ஸ்டீரியோ கேபிளில் மிக்சரின் பேலன்ஸ்டு துளையில் (இரு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) அப்படியே செருகினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழித்துச் சத்தமே வராது. இரண்டு மோனோவாகப் பிரியும் கேபிள் வேண்டும். அடாப்டரில் இரைச்சல் வந்தால் பேட்டரிக்கு மாறுங்கள். ஆறு பென்டார்ச் பேட்டரி போதும்.

ஆலையில் கூட இருக்கும் காரைக்குடிக்காரர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். சரியென்றால் எழுதுங்கள், இன்னொன்று பார்த்து அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கேபிளை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

உங்கள் தம்பி