டிக்கிக்குத் திரும்பிய ஸ்டெப்னி

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனி சீரியலில் யார் யாரை முறைக்கிறார்கள் என்று உன்னைக் கேட்க வேண்டியிருக்காது.

பழைய ஜெர்மன் கார் ஒன்று பார்த்திருப்பதாகவும், அதில் ஸ்டெப்னியே இல்லை, ஏமாற்றுகிறார்களோ என்றும் எழுதியிருந்தாய். ஏமாற்று ஒன்றும் இருக்காது, ரன் பிளாட் டயர் போட்ட வண்டியாக இருக்கும். டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷலின் என்றால் இசட்.பி., கான்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர். என்று பொறித்திருக்கும். காற்று மொத்தமும் போனாலும் வண்டியின் எடையைத் தாங்குகிற அளவுக்குப் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓட்டினால் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது பொதுவான கணக்கு. அந்தத் தைரியத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி எதுவும் தருவதில்லை.

என் வண்டியிலும் அதே டயர்தான் இருந்தது. போன மாதம் நான்கையும் கழற்றிவிட்டுச் சாதா டயர் மாட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். வசந்தியின் தம்பி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி, ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், இருட்டில் ஒரு பள்ளம். டமார் என்று சத்தம், உடனே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் டயர் ஒன்றுமே நடக்காதது போல நிற்கிறது. ரன் பிளாட்டில் காற்று போனது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விளக்கு சொன்னால்தான் உண்டு. மெதுவாக ஓட்டி விழுப்புரம் வந்து சேர்ந்தோம். அந்த ராத்திரி அந்த டயரைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் பக்கச்சுவர் கிழிந்திருக்கிறது. விசாரித்த கடைகளில் எங்குமே அந்த அளவில் ரன் பிளாட் இல்லை. சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். வந்தது, மறுநாள் சாயங்காலம். முகூர்த்தத்தை லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தோம். வசந்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் பார்த்தாள்.

80 கிலோமீட்டர் ஓடலாம், சரி. ஓடிப் போய்ச் சேருகிற ஊரில் அந்த டயர் இருக்க வேண்டுமே! நம் நெடுஞ்சாலையில் அந்தத் தூரத்துக்குள் கட்டாயம் இருப்பது பஞ்சர் கடைதான். ஆனால் ரன் பிளாட்டுக்கு அந்தக் கடைக்காரரும் அவ்வளவாக உதவமாட்டார். ஆணி குத்திய ஓட்டையை அடைத்துத் தருவார்தான். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிவிட்ட டயரில் உள்சுவர் எவ்வளவு வெந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் அதைப் பெரும்பாலும் மாற்றத்தான் சொல்வார்கள். ஒரு ரன் பிளாட் விலைக்கு ஏறக்குறைய ஒன்றரை சாதா டயர் வாங்கலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்த டயரைப் பல வருடம் பெரும்பாலான கார்களில் போட்டு விற்ற பி.எம்.டபிள்யூ., வேகத்துக்குப் பேர்போன தன் எம் கார்களுக்கு மட்டும் சாதா டயரைத்தான் போட்டது. ஓட்டும் சுகம் தெரிந்தவர்கள்!

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பழைய ரிம்மே போதும். அதே அளவு, டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு இண்டெக்ஸ் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. கலந்து போடாதே, நான்கையும் ஒன்றாக மாற்று. வீலுக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாரைக் கழற்றும்போது உடைத்துவிடாமல் பக்கத்திலேயே நில். ரன் பிளாட் லேசில் ரிம்மை விட்டு வராது, கடைப் பையன் வியர்த்துவிட்டான். மாட்டியதும் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். முதுகெலும்பு வரை வந்துகொண்டிருந்த அந்தத் தட் தட் இல்லை. திருப்பும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்ந்தது போல இரண்டு நாள் தோன்றியது, அப்புறம் மறந்துவிட்டேன்.

ஸ்டெப்னிதான் தலைவலி. டிக்கியில் அதற்கென்று குழியே கிடையாது. சட்டப்படி கட்டாயமும் இல்லை. டியூப்லெஸ் டயர், காற்றழுத்த எச்சரிக்கை, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. போல்ட் அளவும் பிரேக்கில் இடிக்காத ரிம்மும் பார்த்து, ஒல்லி ஸ்டெப்னி ஒன்று தேடி வாங்கி, டிக்கித் தளத்தில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: 80-க்கு மேல் போகாதே. எந்தப் பக்கம் போனாலும் அந்த எண் விடமாட்டேன் என்கிறது. பெட்டி வைக்க இடம் பாதிதான்.

வசந்திக்கு இதில் சம்மதம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவள் பொள்ளாச்சியிலிருந்து இருட்டிய பிறகு தனியாக ஓட்டி வருகிறாள். "அன்னைக்கு நாம ரெண்டு பேர் இருந்தோம், அப்பவே வண்டியை நிறுத்தாம வந்தோம். நான் ஒத்தையா வரும்போது ரோட்டோரம் ஜாக்கி போடணுமா?" என்கிறாள். ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும், விளக்கு எரிந்ததும் சின்ன பம்பால் அடித்துக்கொண்டு கடை வரை வந்துவிடலாம் என்றேன். "பக்கம் கிழிஞ்சா?" என்றாள். சாதா டயர் அப்படிக் கிழிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட முடியாது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன ஞாயிறு வாசலில் வைத்து ஒல்லி ஸ்டெப்னியை அவளையே மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டாள், என்னோடு பேசாமல்.

உன் வீட்டில் ராத்திரியில் தனியாக ஓட்டப்போவது யார் என்று முதலில் யோசி. அப்புறம் டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், அதையும் பார். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. அவ்வளவு பழசு என்றால் பேரம் பேசும்போது நான்கு டயர் காசைக் கழித்துக் கேள்.

அம்மாவுக்கு என் வணக்கம். இங்கே வரும்போது அந்தக் காரிலேயே வா.

உன்,
ராமு