பழுது பெட்டியில் இல்லை, பாதையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் படுகு பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் இப்போது வீட்டு அறையிலேயே பதிவாகின்றன. கூடவே ஒரு வழக்கமும் வந்துவிட்டது. சத்தம் வரவில்லை என்றதும் மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸைப் பையில் போட்டுக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறுகிறார்கள். கடைக்காரர் தன் கணினியில் சொருகிப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தானே இருக்கு' என்று திருப்பிக் கொடுக்கிறார். நல்லாத்தான் இருக்கும். கோளாறு பெரும்பாலும் மென்பொருளுக்குள் ஒலி போகும் வழியில், அதாவது ரூட்டிங்கில் இருக்கிறது.

ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் இழுத்துத் தண்ணீர் எடுக்கும் வீடுகள் இங்கே நிறைய. தண்ணீர் நின்றால் ஹோஸ் வழியே நடந்துதான் பார்ப்போம். ஒலிக்கும் அதேதான். மைக்கில் பேசும்போது பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் மைக், ஒயர், மைக் ஒலியைக் கூட்டும் கெயின் திருகு, கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான், இவற்றைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் திரையில் மீட்டர் அசையவில்லை என்றால் டிராக்குக்கு, அதாவது மென்பொருளில் ஒலி பதிவாகும் தடத்துக்கு, தேர்ந்த இன்புட் தவறு. ஒரே மைக்குக்கு 'ஸ்டீரியோ 1/2' வைத்தால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும், வலது பாதி காலியாகப் பதிவாகும். 'மோனோ 1' என்று மாற்றினால் தீர்ந்தது.

விண்டோஸில் வரும் பெரிய தொல்லை, பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏ.எஸ்.ஐ.ஓ. முறை, விண்டோஸின் ஒலிப் பாதையைத் தொடாமல் நேராகப் பெட்டியோடு பேசுகிறது. வேகம் அதனால்தான். ஆனால் பல பெட்டிகளின் டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் திறந்திருக்கும்போது யூடியூப் ஊமையாவது இதனால்தான். ரீப்பரின் ஆடியோ அமைப்பில், பாட்டு நின்று வேறு ஜன்னலுக்குப் போனால் பெட்டியை விட்டுவிடு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் போதும்.

அடுத்தது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்ற எண். சிடிக்கு 44,100, வீடியோவுக்கு வழக்கமாக 48,000. மென்பொருள் ஒன்றிலும் பெட்டி மற்றொன்றிலும் இருந்து, நடுவே மாற்றித் தர யாரும் இல்லாவிட்டால், 44,100-ல் பதிவான 4 நிமிடப் பாட்டு 48,000-ல் ஓடி 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். பாடியவரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடத்திலும் எண்ணைப் பாருங்கள்.

யூஎஸ்பி மைக்கில் பாடி, லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் கேட்பதும் வம்புதான். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிநொடி நழுவும், 5 நிமிடப் பாட்டின் கடைசியில் 15. மேக்கில் இரண்டையும் ஒரே கருவியாகச் சேர்க்கும் அக்ரிகேட் டிவைஸ் உண்டாக்கி, நழுவலைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்‌ஷன் டிக் போடலாம். அதைவிட நல்லது, மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் கேட்பது.

'என் குரல் எனக்கே ரெண்டு தடவை கேட்குது' என்று பாடகர் சொன்னால் எக்கோவைத் தேட வேண்டாம். பெட்டியிலிருந்து நேராக வரும் டைரக்ட் மானிட்டரிலும், கணினிக்குள் போய்த் தாமதமாகத் திரும்பும் மென்பொருளின் மானிட்டரிலும் சேர்ந்து கேட்கிறார். 44,100-ல் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை, 512 என்றால் ஒரு வழிக்கே 11.6 மில்லிநொடி, போய்வர 23-க்கு மேல். இரண்டில் ஒன்றை அணையுங்கள். மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டுமென்றால் பஃபரை 128-க்கு இறக்குங்கள், மிக்ஸிங்குக்கு 1024-க்கு ஏற்றுங்கள்.

லூப்பேக் விஷயத்தில் மட்டும் பயம் வேண்டும். கணினியின் ஒலியையே திரும்ப உள்ளே தரும் இன்புட் அது. அதை டிராக்கில் தேர்ந்து மானிட்டரையும் போட்டால் ஒலி சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாகும். ஹெட்போன் காதில் இருந்தால் காதுக்கே ஆபத்து. ஊளையிடாவிட்டாலும், குரல் டிராக்கில் கரோக்கி இசையும் சேர்ந்து பதிவாகிவிடும். அதைப் பிறகு சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

மிக்ஸிங்கில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. நாலு கோரஸ் டிராக்கையும் ஒரு பஸ்ஸுக்கு (பல டிராக்கை ஒன்றாகச் சேர்க்கும் தடம்) அனுப்புகிறார்கள், ஆனால் அவை நேராக மாஸ்டருக்கு, அதாவது கடைசி வெளியீட்டுக்கு, போகும் வழியை மூடுவதில்லை. ஒரே ஒலி இரண்டு பாதையில் வந்து சேர்ந்தால் 6 டெசிபல் கூடும். பஸ்ஸில் இருக்கும் பிளக்-இன்னின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) தாமதம் சரியாக ஈடுசெய்யப்படாவிட்டால், தகரக் குழாய்க்குள் பாடியது போலக் கேட்கும். ரீப்பரில் டிராக்கின் ரூட்டிங் ஜன்னலில் மாஸ்டர் சென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். ரிவர்ப்புக்கு (அறை எதிரொலி விளைவு) குரலைப் பிரித்து அனுப்பும் சென்ட், ஒலி அளவுத் தள்ளியான ஃபேடருக்கு முன்னால் இருந்தால், அதாவது ப்ரீ-ஃபேடர் என்றால், வால்வுக்கு முன்னால் பிரித்த குழாய்: குரலை முழுக்க இறக்கினாலும் ரிவர்ப் மட்டும் பேயாக அலையும். வழக்கமாக வேண்டியது ஃபேடருக்குப் பின்னால் பிரியும் போஸ்ட்-ஃபேடர்.

இவ்வளவும் கஷ்டமான சங்கதி இல்லை. பெயர்கள்தான் குழப்புகின்றன. சென்ட் போய்ச் சேரும் தடத்துக்கு மென்பொருளுக்கு ஒரு பெயர்: ஏபில்டனில் ரிட்டர்ன், கியூபேஸில் எஃப்எக்ஸ் சேனல், லாஜிக்கில் ஆக்ஸ், ரீப்பரில் வெறும் டிராக். வேலை ஒன்றே. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கியூபிடபிள்யூகிராஃப், எந்த ஒயர் எங்கே போகிறதென்று திரையில் வரைந்தே காட்டுகிறது. காசு வாங்கும் மென்பொருள்களில் பலவும் அந்த வழியை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைப்பது ஏனோ!

தென்மேற்குப் பருவமழையில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். தனி அடாப்டரில் ஓடும் பெட்டி அப்போது அணைந்துவிடும். விண்டோஸ் சத்தமில்லாமல் லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாறிக்கொள்ளும், ரெக்கார்டிங் மென்பொருளோ பழைய பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கும். முதலில் பெட்டி, பிறகு மென்பொருள் என்று வரிசையாகத் திறந்து, டிவைஸை மறுபடி தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

இசைத் தொழில்நுட்பப் பயிற்சி தருகிறவர்களுக்கும் கருவி விற்கும் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மெனுவைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் தர வேண்டாம். மைக்கிலிருந்து ஹெட்போன் வரை ஒலி போகும் வழியை, எந்த இடத்தில் எந்த விளக்கைப் பார்ப்பது என்ற குறிப்போடு, ஒரு பக்கத்தில் தமிழில் வரைந்து பெட்டியோடு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் தொழிலில் உள்ள வாசகர்,
கோத்தகிரி.