அழகர் சனி ஞாயிறு பார்ப்பதில்லை

மதுரை
ஏப்ரல் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை அப்பாவும் நானும் மாற்றி மாற்றிக் கண்ணாடி போட்டுப் படித்தோம். வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்புவதற்குள் திருமலை நாயக்கர் மஹால், கீழடி, அழகர்கோவில், கொடைக்கானல், மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது எல்லாவற்றையும் அடைத்திருக்கிறாய். உன் ஆபீஸ் தோழிகளுக்கு ஊரைக் காட்ட ஆசை, புரிகிறது. ஆனால் அழகர் சனி ஞாயிறு பார்த்துப் புறப்படுவதில்லை. இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணம் மே 8, வியாழன். தேர் வெள்ளி காலை. உன் ரயில் மதுரைக்குள் நுழையும்போது தேர் நிலைக்கு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். ஆற்றில் இறங்குவது மே 12, திங்கள்கிழமை விடிகிற நேரம். நீ அப்போது பெங்களூரில் பல் தேய்த்துக்கொண்டிருப்பாய்.

முதலில் கொடைக்கானலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. கோர்ட் உத்தரவுப்படி மேலே போக இ-பாஸ் எடுக்க வேண்டும், சனி ஞாயிறுகளில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகளுக்கு மேல் விடமாட்டார்கள். பாஸ் கிடைத்தாலும் பாதி நாள் மலைப்பாதையில்தான் கழியும். மலைக்குளிர் இன்னொரு மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கீழக்குயில்குடிக்குக் கிளம்பிவிடுங்கள். கத்திரி வெயில், ஒன்பதுக்கு மேல் சமணர் மலைப் பாறையில் கால் வைக்க முடியாது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் இருக்கின்றன. படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி, கீழே வட்டெழுத்தில் செய்து கொடுத்தவர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வேலை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்கிற குகை, அதையும் விடாதே. அரிட்டாபட்டியும் பார்க்க வேண்டிய இடம்தான், டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஊரே திரண்டு நின்று, ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்களே, அதே ஊர். ஆனால் அது மேலூர்ப் பக்கம், எதிர்த்திசை. ஒரே காலையில் இரண்டும் வேண்டாம்.

மதியம் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். அகழாய்வில் கிடைத்த தாயக்கட்டை, தந்தச் சீப்பு, பொன் துண்டுகள் எல்லாம் இருக்கும். எனக்குப் பிடித்தது பானை ஓடுகள். 'ஆதன்', 'குவிரன்' என்று யாரோ தன் பானையில் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் உன் பாட்டி பெயர் வெட்டியிருப்பதை உன் தோழிகளுக்கு அப்புறம் காட்டு. வெயில் தாங்கவில்லை என்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது. மஹாலை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அது எங்கேயும் புறப்பட்டுப் போகாது.

சனிக்கிழமை சாயங்காலம் அழகர் மலையிலிருந்து கிளம்புவார். பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெற்றுக்கொண்டு, கள்ளர் வேஷத்தில், கண்டாங்கிப் பட்டு கட்டி, கையில் வளைதடியோடு. நீங்கள் அங்கே போக வேண்டாம், அவரே நம்மைத் தேடித்தான் வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவார். சீக்கிரம் படுத்துத் தூங்குங்கள்.

ஏனென்றால் ஞாயிறு காலை மூன்றுமாவடி. எதிர்சேவை. என்னைக் கேட்டால் ஆற்றில் இறங்குவதை விட இதுதான் பார்க்க வேண்டியது. ஊர் எல்லைக்கே போய் மாமனை அழைத்து வருகிற மாதிரி சனம் நிற்கும். செம்பில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, மேலே சூடத்தை ஏற்றிப் பெண்கள் கையில் பிடித்திருப்பார்கள். கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள், எரியும் திரியோடு ஆடுகிறவர்கள், தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள். பிரஷர் பம்ப் வைத்து அடிப்பதற்குத் தடை போட்டது நல்ல காரியம், அது சாமி மேலும் படும், ஆள் கண்ணிலும் படும். மோர், பானகம், கூழ் என்று பந்தலுக்குப் பந்தல் கொடுப்பார்கள். உன் தோழிகள் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லாமல் பார்த்துக்கொள். கொடுக்கிறவருக்கு அது நேர்த்திக்கடன்.

அங்கே நிற்கும்போது யாராவது அந்தக் கதையைச் சொல்வார்கள்: தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேட்டு, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினார் என்று. சொல்லட்டும், நல்ல கதை. ஆனால் கோயிலுக்குள் மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுப்பது திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் வருவது, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க. முன்னே அது தேனூரில் நடந்ததாம், திருமலை நாயக்கர்தான் மீனாட்சி கல்யாணத்தையும் இதையும் ஒரே விழாவாகச் சேர்த்தார் என்பார்கள். இன்றைக்கும் முனிவருக்கு விமோசனம் நடக்கிற மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். உன் தோழிகள் கேட்டால் இரண்டையும் சொல், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறுவார். என்ன நிறப் பட்டு என்பதுதான் அப்போது ஊருக்கே பேச்சு. பச்சை என்றால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பார்கள்.

திங்கள் காலை ஆழ்வார்புரத்தில் ஆற்றுக்குள் போய் நிற்க வேண்டும் என்று நீ அடம்பிடிப்பாய் என்று தெரியும். நான் சரி என்று சொல்லப்போவதில்லை. 2022-ல் அங்கே நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். கூட்டத்துக்குப் பழகாத இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அந்த இடம் வேண்டாம். அந்த நிமிஷத்தை அப்பாவோடு டிவியில் பாருங்கள், வர்ணனையோடு சேர்த்து அப்பாவின் வர்ணனையும் கிடைக்கும்.

இப்போது நான் சொல்ல வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போடு. செவ்வாய் பகல் தேனூர் மண்டபத்தில் கருட வாகனம், முனிவருக்கு மோட்சம். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன் என்று ஒன்று மாற்றி ஒன்றாக அலங்காரம் நடக்கும். திரை போடுவார்கள், காத்திருப்போம், திரை விலகும். விடியும்போது மோகினி. கிராமத்துச் சனம் போர்வையை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, திரை விலகும்போது மட்டும் எழுப்பிக் காட்டுவார்கள். உன்னையும் அப்படித்தான் எழுப்புவேன், ஆனால் நீ கூர்மத்தைக்கூடப் பாதித் தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறாய். ஓடி ஓடி ஏழு இடம் பார்ப்பதற்குப் பதில் இந்த ஒரு ராத்திரி உட்கார்ந்தால் உன் தோழிகளுக்கு ஊர் பிடிபட்டுவிடும்.

வந்தே பாரத் செவ்வாய்க்கிழமை ஓடாது, அதனால் எப்படியும் புதன் விடியற்காலை வண்டிதான். மோகினிக்கு நிற்க நேரம் இல்லாவிட்டாலும், அங்கிருந்தே நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், அப்பா பையைக் கொண்டுவந்து தருவார். ரயிலில் தூங்கிக்கொள்ளுங்கள்.

பருத்தித் துணியாக எடுத்து வரச் சொல். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பூ வாங்கி வராதே, கோடையில் மல்லி இங்கே மலிவு, மூன்று பேர் தலைக்கும் நானே கட்டி வைக்கிறேன். கறிதோசை, சுக்கா எல்லாம் வெளியில் சாப்பிட்டுக்கொள்ளட்டும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அழகர் திரும்பி மலை ஏறும்வரை நம் வீட்டு அடுப்பில் மட்டும் கறி ஏறாது, இதை முன்னாடியே அவர்களிடம் சொல்லிவிடு.

டிக்கெட்டை மாற்றியதும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா